ஓடுதேக்காரர்

ஓடிப் போய்விட்டாராம். யார் ஓடியது? அந்த மனிதர் தெருமுனைக் கடைக்குக்கூட ஓடியது கிடையாது. நடந்துதான் போனார். அதுவும் எப்படி நடந்தார்? பச்சைப் பிள்ளையைக் குளிப்பாட்டித் துவட்டித் தூக்கிக்கொண்டு போகிறவர்கள் நடப்பார்களே, அப்படி, ஓரடி வைத்து, தரையைப் பார்த்து, அப்புறம் அடுத்த அடி. ஓடுகிற ஆள் அப்படியா போவான்? எதிர்வீட்டு அம்மாவுக்கு மாடியிலிருந்து எட்டிப் பார்த்தால் எல்லாம் ஓட்டமாகத்தான் தெரியும்.

அவர் பெட்டியும் படுக்கையுமாகக் கிளம்பினார் என்பது உண்மை. கொழுந்தியாள் கையில் கயிற்றோடு பின்னாலேயே ஓடினாள் என்று கண்ணால் கண்டவர்கள் சொல்கிறார்கள், சரி, ஓடினாள். போகிற வழியில் “ஒண்ணுமில்ல, பயப்படாதே” என்று தனக்குத்தானே பேசிக்கொண்டு போனாராம், அதுவும் நடந்ததுதான். ஆனால் இந்த மூன்று துண்டையும் இஷ்டத்துக்குச் சேர்த்துத் தைத்து, பெண்டாட்டியோடு சண்டை, வீட்டை விட்டு ஓட்டம், கட்டி இழுத்துவரக் கயிறு, மூளை வேறு கலங்கிவிட்டது, சாயங்காலமே திரும்பி வந்து காலில் விழுந்தார் என்று ஒரு சட்டையாக்கி அவருக்கு மாட்டிவிட்டார்களே, அந்தச் சட்டை அவருக்குச் சேராது. பெட்டி வேறு, படுக்கை வேறு, கயிறு கயிறே இல்லை. கொஞ்சம் உட்கார்ந்து கேட்டால் எல்லாம் புரியும்.

முதலில் ஒன்று தெரிந்துகொள்ளுங்கள். இவர் தனி ஆள் இல்லை, ஓர் இனம். ஓடுதேக்காரர் இனம். எந்த ஊரிலும், எந்தத் தெருவிலும், மூன்று வீட்டுக்கு ஒருவர் இருப்பார். அடையாளம் சுலபம். அவர் செய்த பொருள் அவர் வீட்டில், அவர் அறையில், அவர் மேசைமேல், அவர் கை படும்போது பிரமாதமாக வேலை செய்யும். வாசல்படியைத் தாண்டினால் செய்யாது. செய்யவில்லையே என்று நீங்கள் போய்ச் சொன்னால் அவர் கோபப்பட மாட்டார். வருத்தப்படவும் மாட்டார். காய்ச்சல்காரரைப் பார்ப்பதுபோல் உங்களைப் பரிவாகப் பார்ப்பார். பிறகு நாற்காலியோடு அப்படியே சுழன்று, பொத்தானை ஒரு தட்டுத் தட்டி, திரையைக் காட்டி, “இங்க ஓடுதே” என்பார்.

விசாரணை முடிந்தது. நீங்கள் வீட்டுக்குப் போகலாம்.

நம்முடைய ஓடுதேக்காரருக்குத் தண்ணீர் மீட்டர் சோதிக்கிற அலுவலகத்தில் வேலை. மீட்டர் சரியாக ஓடுகிறதா, மெதுவாக ஓடுகிறதா, ஓடாமலே ஓடுவதாகக் காட்டுகிறதா என்று பகலெல்லாம் பார்த்துவிட்டு வருவார். வீட்டுக்கு வந்ததும் சட்டையைக் கழற்றி மாட்டிவிட்டுக் கணினி முன்னால் உட்கார்ந்து புரோகிராம் எழுதுவார். வீட்டில் எந்தச் சாவி எந்தப் பூட்டுக்கு என்று சொல்ல ஒரு புரோகிராம் எழுதினார். வீட்டில் இருப்பது மொத்தம் ஏழு சாவி. அலமாரிச் சாவி எது என்று அவரிடம் கேட்டால் உடனே சொல்ல மாட்டார். உள்ளே போய், கணினி எழுந்திருக்கும்வரை காத்திருந்து, பார்த்துவிட்டு வந்து சொல்வார். சரியாகச் சொல்வார். அதில் ஒரு குறை சொல்ல முடியாது.

அவர் எழுதுகிற மொழியைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். அது தெரியாமல் அவரைப் பழிக்கக் கூடாது. அந்த மொழிக்கு ஒரு பாம்பின் பெயர். ஆனால் சாது. உளி, சுத்தியல், உலைக்களம் ஒன்றும் வேண்டாம். நினைத்ததை வரிவரியாக எழுதினால் போதும். ஒரே ஒரு தொந்தரவு, எழுதியது கணினிக்கு நேராகப் புரியாது. பக்கத்தில் மொழிபெயர்த்துச் சொல்ல ஒரு துபாஷி இருந்து ஒரு வரி படித்து, கணினியின் காதில் ஓதி, அது செய்து முடித்ததும் அடுத்த வரி படித்து, இப்படியே கடைசிவரை கூட்டிக்கொண்டு போக வேண்டும். அவர் வீட்டுக் கணினியில் அந்தத் துபாஷி வருஷக்கணக்காகக் குடியிருக்கிறார். தனியாகவும் இல்லை. படம் போட ஒருவர், கட்டம் கட்ட ஒருவர், பின்னக் கணக்குக்கு ஒருவர் என்று துபாஷியின் உறவுக்காரர்கள் ஒரு நாற்பது பேர் எப்போதெப்போதோ வந்து தங்கிவிட்டார்கள்; யார் எதற்காக வந்தார் என்பது அவருக்கே மறந்துவிட்டது. அதனால்தான் அங்கே ஓடுகிறது. இன்னொருவர் கணினியில் துபாஷியும் இல்லை, உறவுக்காரர்களும் இல்லை. வெறும் கடுதாசியைக் கொண்டுபோய் நீட்டினால் அது என்ன செய்யும், பாவம்?

ஆகவே வெளியே கொடுப்பதென்றால் அந்தக் கடுதாசி, துபாஷி, சொந்தபந்தம், அவர்களுடைய தட்டுமுட்டுச் சாமான் அத்தனையையும் ஒரு பெட்டிக்குள் போட்டுக் கட்டி, மேலே ஒரு சின்னப் படம் ஒட்டி, “இந்தப் படத்துல ரெண்டு தட்டு தட்டுங்க, போதும்” என்று கொடுக்க வேண்டும். இப்படிப் பெட்டி கட்டவே கருவிகள் உண்டு. ஒன்றே ஒன்று இருந்திருந்தால் மனிதர் பிழைத்திருப்பார். ஏகப்பட்டது இருக்கிறது.

இப்போது அவர் மனைவிக்கு வருவோம். அவளை எல்லாரும் மாஸ்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். வீட்டில் அவரும் அப்படித்தான். பள்ளிக்கூடச் சீருடை தைக்கிற பட்டறையில் அவள் கட்டிங் மாஸ்டர். பட்டன் வரிசையில் உட்கார்ந்து நூல் கத்தரித்து ஆரம்பித்தவள், வெட்டு மேசைக்கு வந்து சேரப் பதினான்கு வருஷம் ஆயிற்று. வெட்டு மேசை என்றால் லேசில்லை. தைத்ததைப் பிரிக்கலாம். வெட்டினது வெட்டினதுதான்.

அவளுக்காகத்தான் அவர் அந்தப் புரோகிராமை எழுதினார். துணி ரோலின் அகலத்தையும், நெசவில் எங்கெங்கே பழுது என்பதையும் சொன்னால், முன்பக்கம், பின்பக்கம், கை, காலர் என்று ஒவ்வொரு துண்டையும் எங்கே எப்படித் திருப்பி வைத்தால் துணி வீணாகாது என்று படமாகப் போட்டுக் காட்டும். மாஸ்டர் எளிதில் நம்புகிறவள் இல்லை. காகிதத்தில் துண்டுகளை வெட்டி, கட்டில்மேல் பரப்பி, மூன்று நாள் அந்தப் படத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தாள். பன்னிரண்டு ரோல் துணியில் செய்கிற வேலை பதினொன்றில் முடிந்தது. நாலாம் நாள் பட்டறைக்குப் போய் முதலாளியம்மாவிடம், “இந்தத் தடவை பதினொண்ணு போதும். நான் பொறுப்பு” என்று சொல்லிவிட்டாள்.

பதினொன்று வந்தது. அறுநூறு பிள்ளைகளுக்குச் சட்டை. பன்னிரண்டாவது ரோல் இனி கிடைக்காது. ஆலையில் ஒரு தொட்டிச் சாயம் தீர்ந்தால் அடுத்த தொட்டியின் நீலம் வேறு நீலம். வகுப்பில் முதல் வரிசை ஒரு நீலமும் கடைசி வரிசை ஒரு நீலமுமாக உட்கார்ந்தால் பள்ளிக்கூடம் வாங்காது. புரோகிராம் பட்டறை மேசைக்கு வந்தால் துணி போதும். வராமல் பழைய வழக்கப்படி வெட்டினால் ஐம்பது சட்டை குறையும். அந்த ஐம்பது சட்டையும் மாஸ்டர் தலையில் வந்து விழும். இதுதான் விஷயம். மற்றதெல்லாம் மேல்பூச்சு.

“எப்ப பட்டறைக்கு வரும்?” என்று கேட்டாள்.

“அதான் முடிஞ்சுதே. பெட்டி கட்டுறது மட்டும்தான் பாக்கி.”

இந்த இனத்தார் பேச்சில் ‘மட்டும்தான்’ என்று வந்தால் காதைத் தீட்டிக்கொள்ளுங்கள். அது ஒரு கால அளவு. ஒரு மட்டும்தானுக்கு ஏறத்தாழ மூன்று வாரம்.

முதல் கருவி எல்லாரையும் ஒரே மூட்டையாகக் கட்டியது. எழுதியது என்னவோ இரண்டு உள்ளங்கை அகலக் கடுதாசி. கட்டி முடித்தபோது வீடு காலி பண்ணுகிறவர்கள் சாமான் அளவுக்கு வந்துவிட்டது. பென் டிரைவில் போட்டுக் கொடுத்தனுப்பினார். மாஸ்டர் பட்டறைக் கணினியில் மாட்டி, படத்தில் இரண்டு தட்டு தட்டினாள். அந்த மூட்டைக்கு ஒரு பழக்கம்: ஒவ்வொரு தடவை தட்டும்போதும் எல்லாச் சாமானையும் முதலிலிருந்து இறக்கிவைத்து, துபாஷியை உட்காரவைத்து, அப்புறம்தான் வேலை தொடங்கும். மாஸ்டர் அதற்குள் ஒரு காலர் வெட்டி முடித்து வந்தாள், இன்னும் இறக்கிக்கொண்டிருந்தது. பிறகு திரை ஒரு தரம் கண்ணடித்தது. அவருக்குப் போன் போட்டாள்.

“கறுப்பா ஒரு கட்டம் வந்துச்சு.”

“வந்துச்சா? நல்லது. அதுல என்ன எழுதியிருக்கு?”

“போயிடுச்சு.”

“எங்க போயிடுச்சு?”

“என்கிட்ட சொல்லிட்டா போகுது?”

“சரி, திரும்பத் தட்டு. இந்தத் தடவை கண்ணைச் சிமிட்டாம பாரு.”

தட்டினாள். பட்டறையில் இருந்த ஒன்பது பேரும் தையலை நிறுத்திவிட்டுக் கண்ணைச் சிமிட்டாமல் பார்த்தார்கள். வந்தது, போயிற்று. ஒருத்தி நாலைந்து வரி இங்கிலீஷ் இருந்தது என்றாள். இன்னொருத்தி ‘நோ சச்’ என்று இரண்டு வார்த்தை தெரிந்தது, அதற்குமேல் தெரியவில்லை என்றாள். மாஸ்டர் அதை அப்படியே போனில் சொன்னாள்.

வேறு யாராவதாக இருந்தால் ‘நோ சச்’ என்றால் எதைக் காணோம் என்று தேடியிருப்பார்கள். நம்மவர் நாற்காலியைத் திருப்பி, ஒரு தட்டுத் தட்டி, பார்த்தார். போனில் சொன்னார்: “இங்க ஓடுதே.”

கோளாறு கருவியில்தான் என்று தீர்மானமாயிற்று. கருவியை மாற்றினார்.

இரண்டாவது கருவி மூட்டையாகக் கட்டாது. எல்லாரையும் வரிசையாக ஒரே கூடத்தில் உட்காரவைத்துவிடும். ஒரு ஃபோல்டர், அதற்குள் நானூறு கோப்பு, அதில் ஏதோ ஒன்று தட்ட வேண்டியது. மற்றதைத் தொடக் கூடாது, பார்க்கலாம். மாஸ்டர் அதை ஒரு துண்டுச் சீட்டில் எழுதித் திரைக்குப் பக்கத்தில் ஒட்டினாள். சுத்தமான பட்டறை அது. கீழே ஒரு நூல் கிடந்தாலும் பொறுக்கிப் போட்டுவிடுவார்கள். இரண்டு நாளில் யாரோ கணினியையும் கூட்டிப் பெருக்கி, உபயோகமில்லாமல் கிடந்த நூற்றுச்சொச்சம் கோப்புகளைக் குப்பையில் சேர்த்துவிட்டார்கள்.

மூன்றாவது கருவி கட்டிய பெட்டியைப் பட்டறைக் கணினியின் காவல்காரன் வாசலிலேயே மடக்கினான். கிருமி என்று சிவப்பு எழுத்தில் அறிவிப்புப் போட்டான். முதலாளியம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வந்து அதைப் படித்தார். மாஸ்டரைத் தனியாகக் கூப்பிட்டு, “உங்க வீட்டுக்காரர் ஏதோ வியாதி குடுத்தனுப்பியிருக்காராமே. அவருக்கு உடம்புக்கு ஒண்ணுமில்லையே?” என்று விசாரித்தார். நல்ல மனதோடுதான் விசாரித்தார். ஆனால் அதற்குப் பிறகு மாஸ்டர் கொடுத்த கத்தரியைக்கூடத் துடைத்துவிட்டுத்தான் வாங்கினார்.

நாலாவது கருவி ஒரு மொழியை இன்னொரு மொழியாக மாற்றி, அதையும் உருக்கி வார்த்துவிட்டால் துபாஷியே தேவையில்லை என்றது. மனிதருக்குப் பரம சந்தோஷம். ஞாயிற்றுக்கிழமை முழுக்கக் கணினி இரைந்தது. சூடு தாங்காது என்று வீட்டில் இருந்த ஒரே மேசை விசிறியைக் கணினி பக்கம் திருப்பிவைத்துவிட்டு அவர் வேர்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சோற்றை மாஸ்டர் அறைக்கே கொண்டுவந்து வைத்தாள். கணினிக்குத்தான் வைக்கிறாள் என்று நினைத்தாரோ என்னவோ, சாயங்காலம்வரை தொடவில்லை. அந்தப் பெட்டியும் திங்கட்கிழமை பட்டறைக்குப் போனது. கறுப்புக் கட்டம் வந்தது, போயிற்று.

இவ்வளவுக்கும் நடுவில் மனிதர் சும்மா இருந்தார் என்று நினைக்காதீர்கள். பெட்டி மேல் ஒட்ட ஒரு கத்தரிப் படம் வேண்டும். அதைப் பதினொரு தடவை வரைந்தார். வாயை மூடிய கத்தரி சோர்வாகத் தெரிந்தது. அகலத் திறந்தால் பயமுறுத்தியது. கடைசியில் பாதி திறந்த கத்தரி ஒன்று அவருக்குப் பிடித்துப்போனது. பெட்டிமேல் மட்டும் போதாதென்று முதல் பெட்டியிலிருந்தே புரோகிராம் உள்ளேயும் வலது மூலையில் ஒரு கத்தரி வைத்துவந்தார். ஒவ்வொரு பெட்டிக்கும் எண் கொடுத்தார்: பூஜ்யம் புள்ளி ஒன்பது புள்ளி ஒன்று, பூஜ்யம் புள்ளி ஒன்பது புள்ளி இரண்டு, இப்படியே பதினான்கு வரை. முழு ஒன்று என்ற எண்ணை மட்டும் போட மாட்டார். போட்டால் முடிந்துவிட்டது என்று ஆகிவிடுமே.

மாஸ்டர் ஒரு வழி சொன்னாள். “நான் போன்ல அகலம் சொல்றேன். நீங்க லீவு போட்டுட்டு இங்க உக்காந்து அழுத்திப் படத்தை அனுப்புங்க. நான் பாத்து வெட்டிக்கிறேன்.”

உங்களுக்கும் எனக்கும் இது நியாயமாகத்தான் படும். அவருக்கு முகம் விழுந்துவிட்டது.

“அது ஓட்டுறது இல்ல, ஒப்பேத்துறது” என்றார். “ஒவ்வொரு தடவையும் நானே உக்காந்து அழுத்திக்கிட்டிருந்தா அப்புறம் அது புரோகிராம் இல்ல. நான்தான் புரோகிராம்.”

மாஸ்டருக்கு ஒரு தங்கை உண்டு, இவருக்குக் கொழுந்தியாள். அக்கா வீட்டிலேயே மாடியறையில் இருந்துகொண்டு, கூரியர் அலுவலகத்தில் பார்சல் கட்டுகிற வேலைக்குப் போய்வருகிறாள். கண்ணாடிச் சாமான், கடிகாரம், தையல் மெஷின் எதுவானாலும் உடையாமல் கட்டிவிடுவாள். பெட்டி கட்டுவதைப் பற்றி அந்த வீட்டில் உண்மையாகவே தெரிந்தவள் அவள் ஒருத்திதான். அவளை யாரும் கேட்கவில்லை. அவளாகவே ஒருநாள் அறை வாசலில் நின்று, “மாமா, அதுக்குள்ள என்னென்ன இருக்கு?” என்று கேட்டாள்.

“அதெல்லாம் கருவியே பாத்து எடுத்துப் போட்டுக்கும்.”

“உள்ள என்ன இருக்குன்னு சொல்லத் தெரியாத பார்சலை நாங்க கவுன்டர்ல வாங்கவே மாட்டோம்” என்றாள். அவர் அதைச் சிரிப்பாக எடுத்துக்கொண்டார்.

வியாழக்கிழமை முதலாளியம்மா முடிவு சொல்லிவிட்டார். வெள்ளிக்கிழமை மத்தியானம்வரை பார்ப்பது. அதற்குள் கணினியில் படம் வரவில்லையென்றால் வெளியிலிருந்து வேறொரு கட்டிங் மாஸ்டரைக் கூப்பிட்டு வெட்டுவது. குறைகிற சட்டைக்குப் பதில் சொல்லிவிட்டு மாஸ்டர் மறுபடி பட்டன் வரிசைக்குப் போவது. சத்தம் போட்டுச் சொல்லவில்லை. சத்தம் போட்டிருந்தால் மாஸ்டரும் திருப்பி நாலு வார்த்தை சொல்லியிருப்பாள்.

அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்தாள். கைகால் கழுவிக்கொண்டு, கூடத்தில் உட்கார்ந்து, பையிலிருந்து பெரிய வெட்டுக் கத்தரியை எடுத்துத் துணியில் சுற்றி அலமாரியில் வைத்தாள். அதே அலமாரியின் அடித்தட்டிலிருந்து ஒரு தகர டப்பாவை எடுத்தாள். பட்டன் வரிசையில் இருந்தபோது வைத்திருந்த சின்ன நூல் கத்தரி அதில் இருந்தது. இத்தனை வருஷத்தில் துருப்பிடித்திருந்தது. ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, திறந்து மூடி, திறந்து மூடி, பதம் பார்க்க ஆரம்பித்தாள். கிரிக், கிரிக் என்று அந்தச் சத்தம் அறைவரைக்கும் கேட்டது.

கொழுந்தியாள் அக்காவின் போனைக் கையில் வைத்துக்கொண்டு அறைக்குள் வந்தாள். பட்டறையில் அன்று அந்தக் கறுப்புக் கட்டத்தை வீடியோ எடுத்திருந்தார்கள். அதை அவள் மெதுவாக ஓடவிட்டு ஓரிடத்தில் நிறுத்தியிருந்தாள்.

“மாமா, இத படிங்க.”

படித்தார். புரோகிராம் எதையோ தேடியிருக்கிறது, கிடைக்கவில்லை, அந்த ஏக்கத்தில் உயிரை விட்டிருக்கிறது. எதைத் தேடியது? கத்தரிப் படத்தை. எங்கே தேடியது? பட்டறைக் கணினியில் இவருடைய பெயர் போட்ட அறையைத் தேடி, அதற்குள் ‘புதுசு’ என்ற ஃபோல்டரைத் தேடி, அதற்குள் ‘கடைசி’, அதற்குள் ‘கடைசியோ கடைசி’ என்று தேடிக்கொண்டே போயிருக்கிறது. துபாஷியைக் கட்டினார், துபாஷியின் ஒன்றுவிட்ட சித்தப்பா பிள்ளைவரைக்கும் கட்டினார். மூலையில் அழகுக்கு வைத்த கத்தரிப் படத்தை வீட்டிலேயே விட்டுவிட்டு, அதன் வீட்டு விலாசத்தை மட்டும் எழுதிக் கொடுத்தனுப்பியிருக்கிறார். முதல் கருவியும் நாலாவதும் இந்த ஒரே இடத்தில்தான் தடுக்கி விழுந்திருக்கின்றன; நடுவில் வந்த இரண்டும் ஓடியிருந்தால் இங்கேதான் விழுந்திருக்கும்.

அவர் முகம் மலர்ந்தது. இந்த இனத்தாருக்குத் தன் தவறு கண்ணில் பட்டால் துக்கம் வராது, திருவிழா. கூடத்தைப் பார்த்துச் சொன்னார்: “மாஸ்டர், கண்டுபிடிச்சாச்சு. ஒண்ணுமே இல்ல. ஒரு வரிய மாத்தணும். அது மட்டும்தான்.”

கூடத்தில் கிரிக் கிரிக் நிற்கவில்லை. கொஞ்சம் வேகம்கூடக் குறையவில்லை.

அந்த ‘மட்டும்தான்’ அவர் காதிலேயே அப்போதுதான் விழுந்தது. நாற்காலியைத் திருப்பவில்லை. திரையையும் காட்டவில்லை. எண்ணெய்ப் பிசுக்கோடு திறந்து மூடுகிற அந்தச் சின்னக் கத்தரியையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த வரியை மாற்றினால் ஓடியிருக்குமா என்று கேட்கிறீர்களா? ஓடியிருக்கும் என்றுதான் இன்றைக்கும் சொல்கிறார். நாமும் இல்லை என்று சொல்ல வேண்டாம்.

“இனிமே பெட்டி கட்டிக் குடுத்தனுப்பி, நாளைக்கு மத்தியானத்துக்குள்ள ஓடலன்னா?” என்று தாழ்ந்த குரலில் கேட்டார்.

“ஏன் மாமா கட்டணும்?” என்றாள் கொழுந்தியாள். மேசைக்கு அடியில் முழங்கால் உயரத்துக்கு நின்ற கணினியைக் காலால் தொட்டுக் காட்டினாள். “ஏற்கெனவே ஒரு பெட்டியிலதானே இருக்கு?”

அவர் குனிந்து அந்தப் பெட்டியின் தூசியைத் தட்டினார். பூஜ்யம் புள்ளி ஒன்பது புள்ளி பதினைந்து அதுதான்.

வெள்ளிக்கிழமை காலையில் மாஸ்டர் சின்னக் கத்தரியைப் பையில் போட்டுக்கொண்டு முன்னாலேயே பட்டறைக்குப் போய்விட்டாள். இவர் அலுவலகத்துக்கு லீவு சொன்னார். கொழுந்தியாள் கணினியைக் கூடத்துக்கு இழுத்துவந்து கட்ட ஆரம்பித்தாள். முதலில் குமிழ் வைத்த பிளாஸ்டிக் தாளில் நாலு சுற்று. மூலைக்கு மூலை அட்டை. அதற்குமேல் மெத்தை விரிப்பு. அதற்குமேல் போர்வை. அதற்குமேல் ஒரு ஜமுக்காளம். அவள் கட்டினால் மலையிலிருந்து உருட்டிவிடலாம். கட்டி முடித்துத் தூக்கினால் வாசலில் நுழையவில்லை. பக்கவாட்டில் திருப்பினார்கள், படுக்கவைத்தார்கள், நுழையவில்லை. கட்டுகிறவர்கள் எல்லாரும் ஒரே ஜாதிதான் போலிருக்கிறது. ஜமுக்காளத்தையும் போர்வையையும் கழற்றிய பிறகு, விரிப்போடு மட்டும், பெட்டி வெளியே வந்தது.

பெட்டி, படுக்கை. புரிகிறதா?

வண்டி வேண்டாம், குலுங்கும் என்றுவிட்டார். நாலு தெருதான். பெட்டியை மார்போடு அணைத்துக்கொண்டு இறங்கினார். எதிர்வீட்டு அம்மா மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தவர், இந்தக் கோலத்தைப் பார்த்து, “என்னங்க, எங்க கிளம்பிட்டீங்க?” என்று கேட்டார். சும்மா இங்கேதான் என்று சொல்லிவிட்டுப் போகலாம். இந்த இனத்துக்குப் பொய் வராது.

“வீட்ல நல்லாத்தாங்க ஓடுது. வெளியிலதான் ஓடல. அதான் நானே எடுத்துக்கிட்டுப் போறேன்” என்றார்.

துணியை உதறுகிற சத்தத்தில் அந்த அம்மா காதில் விழுந்தது ‘வீட்ல’, ‘ஓடல’, ‘போறேன்’. மூன்று வார்த்தை போதாதா?

அவர் பத்து வீடு தாண்டியிருப்பார். கொழுந்தியாள் கூடத்தைப் பெருக்க வந்தவள், சுவரோரம் கறுப்பாக நீளமாக ஒன்று சுருண்டு கிடப்பதைப் பார்த்தாள். கணினிக்குக் கரண்ட் கொடுக்கிற வயர். துடைப்பத்தைப் போட்டுவிட்டு அதைக் கையில் சுற்றிக்கொண்டு, “மாமா, நில்லுங்க, மாமா” என்று தெருவில் ஓடினாள். அன்றைக்கு அந்தத் தெருவில் ஓடிய ஒரே ஆள் அவள்தான். நடுவில் ஒரு மேடு பள்ளம் வந்த இடத்தில்தான் அவர் பெட்டியைத் தட்டிக்கொடுத்து, “ஒண்ணுமில்ல, பயப்படாதே” என்றது. உள்ளே சுழல்கிற தட்டு பழசு. அதிர்ந்தால் போய்விடும். வேறு யாரிடம் சொல்லியிருக்க முடியும்?

பட்டறைக்குப் போய்ச் சேர்ந்தபோது பதினொன்றரை. மேசை ஓரத்தில் வேறொரு கட்டிங் மாஸ்டர் அளவு நாடாவைக் கழுத்தில் போட்டுக்கொண்டு ஏற்கெனவே வந்து உட்கார்ந்திருந்தார். இவர் நேராகக் கணினி மேசைக்குப் போனார். பெட்டியை இறக்கி, விரிப்பை அவிழ்த்து, பட்டறைத் திரையைத் தன் பெட்டியில் மாட்டி, கொழுந்தியாள் ஓடிவந்து கொடுத்த வயரைச் செருகினார். முதல் ரோலின் அகலம் ஐம்பத்தேழரை அங்குலம்; பழுது இரண்டு இடத்தில். தட்டினார். ஒன்பது பேரும் கண்ணைச் சிமிட்டாமல் பார்த்தார்கள். கறுப்புக் கட்டம் வரவில்லை. கை, காலர், முன்பக்கம், பின்பக்கம் எல்லாம் ஒன்றோடொன்று ஒண்டிக்கொண்டு படமாக விரிந்தன. வலது மூலையில் பாதி வாய் திறந்த ஒரு கத்தரி. முதலாளியம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வந்து, ஒருதரம் படத்தையும் ஒருதரம் துணியையும் பார்த்துவிட்டு, வெளியாளிடம், “நீங்க டீ சாப்பிட்டுட்டுப் போங்க” என்றார்.

மனிதருக்குப் பூரிப்புத் தாங்கவில்லை. “பாத்தியா மாஸ்டர், இங்கயும் ஓடுது.”

மாஸ்டர் சுண்ணக்கட்டியை எடுத்தாள். “இங்க எங்க ஓடுது? உங்க பெட்டியிலதான் ஓடுது. அது இங்கயே இருக்கட்டும்.”

“அப்ப நான்?”

“அழுத்தத் தெரிஞ்ச ஆள் நீங்க ஒருத்தர்தானே? அந்த ஸ்டூல இழுத்துப் போட்டுக்கிட்டு உக்காருங்க.”

உட்கார்ந்தார். ஒவ்வொரு ரோலுக்கும் அவள் அகலம் சொன்னாள், அவர் அழுத்தினார். நான்தான் புரோகிராம் என்று அன்றைக்குச் சொன்னாரே, அது வீண்போகவில்லை. முதல் ரோலில் கோடு போட்டுவிட்டு, வெட்ட அவள் பையைத் திறந்து, ‘அட’ என்று நின்றாள். பெரிய கத்தரி வீட்டு அலமாரியில் இருந்தது. வெளியாள் டீயை வைத்துவிட்டுத் தன் கத்தரியை நீட்டினார். சாயங்காலம் விரிப்பை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு அவரும் மாஸ்டரும் சேர்ந்துதான் வீட்டுக்கு வந்தார்கள். போகும்போது பெட்டியும் படுக்கையும், வரும்போது படுக்கை மட்டும். எதிர்வீட்டு அம்மா அதையும் மாடியிலிருந்து பார்த்துவிட்டார். காலில் விழுந்த கதை அங்கேதான் தைக்கப்பட்டது.

அந்த அம்மாவை விடுங்கள். நீங்கள் எதற்குச் சிரிக்கிறீர்கள்? நீங்கள் புரோகிராம் எழுதுவதில்லை, சரி. போன வாரம் உங்கள் வீட்டுக்கு வழி கேட்ட மனிதரிடம், “அந்த மரத்தடியில திரும்பணும், நான் கண்ணை மூடிக்கிட்டே வந்துடுவேனே” என்று சொன்னது யார்? பிள்ளைக்குப் பின்னக் கணக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டு, அது விழித்தபோது, “எனக்குப் புரியுதே” என்றது யார்? மனைவியிடம் சொல்ல வேண்டிய நல்ல வார்த்தையை மனதுக்குள் நூறு தடவை சொல்லிப் பார்த்துவிட்டு, வாய்க்கு வந்ததும் கறுப்புக் கட்டம்போல் வந்து மறைந்துபோக, “அவளுக்கே தெரியுமே” என்று இருந்துவிட்டது? பேர் சொல்ல வேண்டாம்.

உங்களுக்கும் ஒரு வெள்ளிக்கிழமை வரும். மத்தியானத்துக்குள் பெட்டியோடு நீங்களே கிளம்ப வேண்டியிருக்கும். வாசலின் அகலத்தை இப்போதே ஒருதரம் அளந்து வைத்துக்கொள்ளுங்கள், வயரையும் மறக்காதீர்கள்.